முதல் கட்டம் எப்படி விழுந்தது? வெப்காமிக்காரர்களின் தொடக்கக் கதைகள்

#1 அரைக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக ஒரு கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு தீவுகள், மூன்று அரச குலங்கள், காணாமல் போன ஒரு ஓடம். தீவுகளுக்கு வரைபடம் போட்டாயிற்று, அரசர்களுக்கு வம்சாவளி எழுதியாயிற்று, தீவுக்காரர்கள் பயன்படுத்தும் எண்முறைகூடத் தயார். வரைந்த கட்டங்கள் எத்தனை என்று கேட்டால், பூஜ்யம்.

போன வாரம் ஒரு ராத்திரி, மற்றவர்கள் எப்படித்தான் தொடங்கினார்கள் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த ஒவ்வொரு வெப்காமிக்குக்கு (இணையத்தில் வரும் படக்கதை) பின்னாலும் ஒரு பொறி தட்டிய கதை இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஏமாற்றம்தான்.

எக்ஸ்.கே.சி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ராண்டல் மன்றோ இயற்பியல் படித்தவர், வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர். 2005-ல் தன் பழைய நோட்டுகளைப் புரட்டும்போது, வகுப்பில் ஓரத்தில் கிறுக்கியவை வீணாகிவிடக் கூடாதே என்று ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார். அவ்வளவுதான். முதல் படம், பீப்பாய்க்குள் உட்கார்ந்து கடலில் மிதக்கும் ஒரு பையன். அதில் கணக்கும் இல்லை, பெரிய சிரிப்பும் இல்லை. பெயருக்காவது ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று பார்த்தால், ஒரு வார்த்தையாகச் சேர்த்து உச்சரிக்க முடியாத நாலு எழுத்து என்பதுதான் அதன் தகுதியே.

என் வம்சாவளிப் பட்டியலைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. உங்களுக்குத் தெரிந்த தொடக்கக் கதைகளைச் சொல்லுங்களேன். எனக்கு ஆறுதலும் வேண்டும், உதையும் வேண்டும்.

#2 தூக்கம்வரல

அந்தத் தீவு எண்முறையில் பூஜ்யம் உண்டா தலைவா? கட்டங்களை எண்ண உதவும்.

#3 கருவேலம்

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்பது வருடமாகப் படக்கதை சேர்க்கிற ஆள் நான். தொடங்காமலே போன மேதைகள் நாலைந்து பேரை நேரிலேயே தெரியும்.

டைனோசர் காமிக்ஸ் பார்த்திருக்கிறீர்களா? கனடாக்காரர் ரயன் நார்த் 2003 பிப்ரவரியில் ஆரம்பித்தது. அவருக்கு வரைய வராது. அதனால் ஆயத்தமாகக் கிடைத்த டைனோசர் படங்களை எடுத்து ஆறு கட்டத்தில் ஒரு தடவை அடுக்கினார். அந்த ஆறு கட்டங்கள்தான் இன்றுவரை. படம் மாறாது, வசனம் மட்டும் மாறும். ஒரு குட்டி வீட்டையும் ஒரு குட்டிப் பெண்ணையும் மிதிக்கப் போவதுபோல் டீ-ரெக்ஸ் காலைத் தூக்கியபடியே மொழியியல் பேசும், காதல் பேசும், மரணத்தைப் பற்றிக் கவலைப்படும். தெருக்கூத்தில் அதே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், அதே திரை, கதை மட்டும் தினம் வேறு என்பதுபோல. பின்னாளில் இந்த மனிதரைத்தான் மார்வெல் கூப்பிட்டு அணில் பெண்ணின் கதையை எழுதச் சொன்னது.

வரையாமலே காமிக்ஸ் செய்கிறவர்கள் தனிச் சாதி. டேவிட் மால்க்கி என்ற அமெரிக்கர் 2003-லிருந்து வொண்டர்மார்க் என்ற தொடரைச் செய்கிறார். எல்லாம் 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களிலிருந்து வெட்டி எடுத்த அச்சுச் சித்திரங்கள். மீசையும் தொப்பியுமாக நிற்கும் விக்டோரியா காலத்துக் கனவான்கள் இன்றைய அபத்தங்களைப் பேசுவார்கள். அதைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஆரத்தி பார்த்தசாரதி 2014-ல் ராயல் எக்சிஸ்டென்ஷியல்ஸ் தொடங்கினார். நம் நாட்டுச் சிற்றோவியங்களில் உப்பரிகையில் சாய்ந்திருக்கும் ராஜாவும் ராணியும் சாதி, பெண்கள் நிலை, வேலை வெட்டி பற்றியெல்லாம் புலம்புவார்கள். ஓவியம் பழையது, புலம்பல் புதியது.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. அயர்லாந்தில் டான் வால்ஷ் என்பவர் கார்ஃபீல்ட் என்ற பூனையின் காமிக் பட்டைகளிலிருந்து கார்ஃபீல்டையே அழித்துவிட்டு 2008-ல் இணையத்தில் போட ஆரம்பித்தார். பூனை போனதும் மிஞ்சியது யார்? வெறும் அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அதன் எஜமான் ஜான். சிரிப்பு காமிக் ஒரே அழிப்பில் தனிமையின் நாட்குறிப்பாகிவிட்டது. மூலத்தை வரைந்த ஜிம் டேவிஸ் வழக்குப் போடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ரசித்தார், புத்தகமாகவும் வந்தது.

#4 மைப்புட்டி

கருவேலம் சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்தப் பேச்சு எனக்கு ஒத்துவராது. படம் வரையத் தெரியாமல் ஜெயித்தவர்கள் கதையை மட்டும் வரிசையாகச் சொன்னால், வரையக் கற்றுக்கொள்வதே ஏதோ தடை என்ற எண்ணம் வந்துவிடும். நான் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து சாப்பிடுகிறவள். 'கிறுக்கினாலே போதும்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மறுபக்கம் சொல்கிறேன். கொரியாவின் டவர் ஆஃப் காட் 2010-ல் நேவர் இணையதளத்தில் வந்தது. அதை எழுதி வரையும் சியூ அதற்குமுன் கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது பயிற்சிக்காகவே சுமார் பத்து நோட்டுகள் நிறைய காமிக்ஸ் வரைந்தவர். பாரக்கில் உட்கார்ந்து பத்து நோட்டு! நம்மில் எத்தனை பேர் ஒரு நோட்டு முடித்திருப்போம்?

பின்லாந்து, ஸ்வீடன் பின்னணி உள்ள மின்னா சுண்ட்பெரியின் கதை இன்னும் வேடிக்கை. அவர் மனதில் இருந்தது பெரிய கதை. கொள்ளைநோயால் உலகம் அழிந்து தொண்ணூறு வருடம் கழித்து, மிஞ்சிய நார்டிக் நாடுகளின் ஆட்கள் சிலர் பாழடைந்த ஊர்களுக்குள் போகிறார்கள். அதை எடுத்த எடுப்பில் தொடவில்லை. முதலில் பின்லாந்துப் புராணங்களை வைத்து வேறொரு முழு நீளக் கதையை 2011 முதல் 2013 வரை பயிற்சியாகப் போட்டார். பயிற்சி என்றால் ஏதோ சில பக்கம் இல்லை, அதுவே நூற்றுக்கணக்கான வண்ணப் பக்கங்கள். அது முடிந்த பிறகுதான் 2013 கடைசியில் அசல் கதைக்கு வந்தார். அந்தத் தொடருக்காக வரைந்த மொழிக்குடும்ப மரம் ஒன்றை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிளை கிளையாக இலைகளுடன் இந்தோ-ஐரோப்பிய மொழிகள், பக்கத்தில் தனியாக யூராலிய மொழிகள். மொழி பற்றிப் பேசும் பக்கங்களில் எல்லாம் சுற்றுகிறது. அது ஒரு வெப்காமிக்கின் நடுப்பக்கம் என்று தெரியாமலே பகிர்கிறார்கள்.

அதனால் அரைக்கோடு, உங்கள் வம்சாவளியைக் கிழித்துப் போட வேண்டாம். அது பெட்டியில் இருக்கட்டும். வேறு சின்னக் கதை ஒன்றை முடித்துக் கையைப் பழக்குங்கள்.

#5 நிலாச்சோறு

நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி, ஆறாவது வருடம் (தயவுசெய்து எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்). அதனால் பி.எச்.டி. காமிக்ஸைச் சொல்லாமல் இந்த இழையைத் தாண்ட முடியாது.

ஹொர்ஹே சாம் பனாமாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். ஆய்வு, கரப்பான்பூச்சியைப் பார்த்து ஓடும் ரோபோக்கள். 1997 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழில் முதல் பட்டை வந்தது, பிறகு இணையத்துக்குப் போனது. அவர் எங்கேயும் தேடி அலையவில்லை. ஆய்வகம், வழிகாட்டிப் பேராசிரியரைக் கண்டு ஒளிவது, கூட்டத்தில் தரும் இலவசச் சாப்பாட்டுக்காகவே கருத்தரங்குக்குப் போவது, இதையெல்லாம் அப்படியே போட்டார். நாயகனுக்குப் பெயரே கிடையாது. எல்லா ஆராய்ச்சி மாணவரும் அவன்தான் என்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. அதில் தேஜல் என்று ஒரு பாத்திரம், இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் பெண், மானுடவியல் மாணவி. முதல் வருடம் படித்தபோது என் ஆய்வகத்தில் யாரோ கேமரா வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஆனால் என் மனதில் ஆழமாக இறங்கியது கேட் பீட்டன். கனடாவின் கிழக்கு ஓரத்தில் கேப் பிரெட்டன் தீவில் மாபூ என்ற சின்ன ஊர். கல்லூரியில் வரலாறும் மானுடவியலும் படித்தார், கல்லூரிப் பத்திரிகைக்குப் படம் போட்டார். படிப்பு முடிந்தபோது கையில் இருந்தது கல்விக்கடன். அதை அடைக்க நாட்டின் மறுகோடியில் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் வயல்களுக்கு வேலைக்குப் போனார். நடுவில் கொஞ்ச காலம் விக்டோரியா நகரில் ஒரு கடல்சார் அருங்காட்சியகத்தில் வேலை. 2007 வாக்கில் வரலாற்று மனிதர்களைக் கேலி செய்யும் அந்தப் படங்கள் இணையத்தில் வர ஆரம்பித்தன. நெப்போலியன், டெஸ்லா, பிராண்டி சகோதரிகள் எல்லோரும் பக்கத்து வீட்டு ஆட்கள் மாதிரி சண்டை போடுவார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. எண்ணெய் வயல் வாழ்க்கை அவர் கண்முன்னால்தான் இருந்தது. அங்கே இருந்துகொண்டே அவர் வரைந்தது பெரும்பாலும் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆட்களை. 2008-ல் அந்தப் பகுதியில் ஒரு கழிவுக் குளத்தில் இறங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் செத்தன. அதை மையமாக வைத்து 2014-ல் ஐந்து பகுதிகளாகச் சின்ன ஓவியக் கதை ஒன்றை இணையத்தில் போட்டார். முழுப் புத்தகம் 2022-ல்தான் வந்தது. சொந்தக் கதை கையில் இருந்தும் அதைத் தொட அத்தனை வருடம் பிடித்திருக்கிறது. மைப்புட்டி அக்கா சொல்லும் 'பயிற்சி' இதுவும்தானோ? கையை மட்டும் பழக்கினால் போதாது போல.

#6 தூக்கம்வரல

சின்னச் சின்னதாய் மூன்று:

சயனைட் அண்ட் ஹாப்பினஸ் கோஷ்டியில் கிரிஸ் வில்சன் குச்சி மனிதர்களைப் போட ஆரம்பித்தது பதினாறு வயதில், தொண்டைப் புண்ணோடு வீட்டில் படுத்திருந்தபோது. எனக்கும் பதினாறு வயதில் தொண்டைப் புண் வந்தது. கஷாயம்தான் கிடைத்தது.

பென்னி ஆர்கேட், 1998. இரண்டு நண்பர்கள் ஒரு வீடியோ கேம் பத்திரிகையின் காமிக் போட்டிக்காக வரைந்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. வரைந்ததை வீணாக்காமல் ஓர் இணையதளத்தில் போட்டார்கள். இன்று அவர்கள் பெயரில் கேம் திருவிழாவே நடக்கிறது.

ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக், 2003. ரிச் பர்லூ நடத்தியது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகள் பற்றிய கட்டுரைத் தளம். ஆள் வரட்டும் என்று ஓரத்தில் குச்சி உருவங்களை வைத்து ஒரு காமிக் போட்டார். கடை வாசலில் வைத்த இலவச மோர்ப்பானைதான் கடைசியில் கடையே ஆனது. 2012-ல் பழைய புத்தகங்களை மறுபதிப்பு செய்ய வாசகர்களிடம் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கேட்டார், 12.5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கட்டுரைகளை இப்போது யார் படிக்கிறார்கள் தெரியவில்லை.

#7 வெள்ளைக்கல்

சிங்கப்பூரிலிருந்து. நான் காமிக்ஸ் ஆள் இல்லை, பாதுக் விளையாடுகிறவன் (ஜப்பானியர் கோ என்பார்கள், கட்டம் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் கற்கள்). மகள் இந்த இழையைக் காட்டினாள். ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

யுன் தே-ஹோ என்ற கொரிய ஓவியர் 2012-ல் மிசெங் என்ற வெப்டூன் (கொரிய இணையப் படக்கதை) ஆரம்பித்தார். சின்ன வயதிலிருந்து பாதுக் ஒன்றே கதி என்று வளர்ந்த பையன் தொழில்முறை ஆட்டக்காரனாகத் தேறவில்லை. வேறு எந்தத் தகுதியும் இல்லாமல் ஒரு வணிக நிறுவனத்தில் பயிற்சி ஊழியனாக நுழைகிறான். 'மிசெங்' என்பதே பலகைச் சொல். இன்னும் உயிர் உறுதியாகாத கற்கூட்டம் என்று அர்த்தம். செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

அதில் அவர் செய்த வேலைதான் என்னை உட்கார வைத்தது. 1989-ல் முதல் இங் கோப்பை (பல நாட்டவர் ஆடும் பாதுக் போட்டி) இறுதிப் போட்டி. கொரியாவின் சோ ஹுன்-ஹியுன், சீனாவின் நியே வெய்பிங். இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் ஐந்தாவது ஆட்டம் நடந்தது எங்கள் ஊரில், சிங்கப்பூரில். 145-ஆவது நகர்வில் நியே விட்டுக்கொடுத்தார். கொரியாவில் பாதுக் வெறி பிடிக்கக் காரணமான ஆட்டம் அது. யுன் அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் ஓர் அத்தியாயத்தின் தலையில் வைத்தார். 145 நகர்வு, 145 அத்தியாயம். எங்கே முடிப்பது என்ற குழப்பமே இல்லை. எதிராளி விட்டுக்கொடுத்த இடத்தில் கதையும் நிற்க வேண்டும்.

கதையை யோசிப்பது வேறு, கதைக்குப் பலகை யோசிப்பது வேறு. இவர் முதலில் பலகையைப் பிடித்துவிட்டார். அரைக்கோடு தம்பிக்கு ஏழு தீவு இருக்கிறது, பலகை இல்லை என்று தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#8 அரைக்கோடு

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை சார். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

#9 கருவேலம்

வெள்ளைக்கல் சார், இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

கொரியா பேச்சு வந்ததால் சொல்கிறேன். மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போகும் நெடுக்குவாட்டு வெப்டூன் கதைக்கு வழி போட்டவர் காங் ஃபுல். அச்சுப் பத்திரிகைகள் கதவைத் திறக்காததால் 2002-ல் சொந்தமாக ஓர் இணையதளம் போட்டார். 2003-ல் டவும் தளத்தில் அவருடைய காதல் கதை தொடராக வந்தது. பக்கம் என்ற கணக்கையே அவர் விட்டுவிட்டார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் விடும் வெற்றிடம்தான் நேரம். மௌனம் நீள வேண்டுமா, இடைவெளியை நீட்டு. படம் பிரமாதம் என்று அவரே சொல்லமாட்டார். 2023-ல் மூவிங் தொடரை ஓடிடியில் பார்த்துவிட்டு எல்லோரும் கொண்டாடினீர்களே, அதன் மூல வெப்டூனும் திரைக்கதையும் இவருடையதுதான்.

மைப்புட்டி அம்மாவுக்கு ஒரு வார்த்தை: நானும் வரையத் தெரிய வேண்டாம் என்று சொல்லவில்லை. எது தெரியவில்லையோ அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை போட்டார்கள் என்கிறேன்.

#10 மைப்புட்டி

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒன் பஞ்ச் மேன் விஷயத்தில் எனக்கே பதில் இல்லை. ஒன் என்ற புனைபெயரில் எழுதுகிறவர் 2009-ல் ஜப்பானில் ஓர் இலவசத் தளத்தில் போட்டது. முதல் அத்தியாயங்களின் படத்தைப் பார்த்தால் என் மாணவர்களைத் திட்டுவதைப் போலத் திட்டத் தோன்றும். ஆனால் யோசனை! எல்லா வீரக் கதையும் நாயகன் பலசாலி ஆவதைப் பற்றியது. இவன் முதல் பக்கத்திலேயே ஆகிவிட்டான். ஒரே குத்து, எதிரி காலி. இனி என்ன செய்வான்? அலுப்படைவான், கடையில் தள்ளுபடி நாளை மறந்துவிட்டதற்குக் கவலைப்படுவான். பெயரே அங்கே குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த அன்பான்மேன் என்ற ரொட்டித்தலை வீரனின் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போட்ட சிலேடை. வரைகலையில் மன்னனான யுசுகே முராதா, தானே தேடி வந்து, 2012-லிருந்து அதைத் திருப்பி வரைகிறார். நல்ல ஓவியன் சுமாரான ஓவியனிடம் வாய்ப்புக் கேட்டுப் போவது அபூர்வம்.

இங்கே நம் நாட்டில் ரோஹன் சக்ரவர்த்தியைச் சொல்லலாம். நாக்பூர்க்காரர், பல் மருத்துவம் படித்தவர். நாக்சீரா காட்டில் ஒரு பெண்புலி தண்ணீரில் இறங்கிக் குளிப்பதைப் பார்த்தார். பல்லும் போயிற்று, கிளினிக்கும் போயிற்று. 2010-லிருந்து கிரீன் ஹ்யூமர் என்ற காட்டுயிர் காமிக் தொடர். இதுதான் அரைக்கோடு தேடிய 'பொறி தட்டிய' கதை. ஒன்றாவது கிடைத்ததே.

#11 நிலாச்சோறு

ஒன்று விட்டுப்போனது. மிச்சத்தில் பிறந்த கதைகள்.

என்கோசி உகாசு டெக்சாஸில் வளர்ந்த நைஜீரிய-அமெரிக்கர். ஐஸ் ஹாக்கிக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஹாக்கி வீரன் ஒருவனைப் பற்றித் திரைக்கதை எழுத நேர்ந்தது. அதற்காக அந்த விளையாட்டைத் தோண்டித் தோண்டிப் படித்தார். திரைக்கதை முடிந்த பின்னும் பிடித்த பேய் இறங்கவில்லை. 2013-ல் செக், ப்ளீஸ் என்ற வெப்காமிக் ஆனது. அதில் ஹாக்கி ஆடுகிற நாயகனே அடுமனைப் பண்டங்களும் சுடுகிறவன்.

ஆலிஸ் ஓஸ்மன் 2014-ல் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் நாயகி டோரி. அவள் தம்பி சார்லியும் நிக்கும் அதில் ஓரமாக வந்து போகிறவர்கள்தான். எழுதியவருக்கு அந்த ஓரத்துப் பையன்களை விட மனமில்லை. 2016-ல் அவர்களை வைத்து ஹார்ட்ஸ்டாப்பரை இணையத்தில் வரைய ஆரம்பித்தார். 2022-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது நாயகி அக்கா ஓரத்துக்குப் போய்விட்டாள்.

அரைக்கோடு, உங்கள் ஏழு தீவில் ஓரமாக நிற்கிற ஆள் யாராவது உண்டா? அரச குலம் வேண்டாம்.

#12 அரைக்கோடு

இந்தக் கேள்விக்கு ரெண்டு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். உண்மையில் நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

வம்சாவளிப் பக்கங்களின் ஓரத்தில் ஒரு ஆள் இருக்கிறார். முதல் வருடத்திலிருந்தே இருக்கிறார். ஓடத்துறையில் சீட்டுக் கிழிப்பவர். பெயர் வைக்கவில்லை. அரசர்களுக்கு முகம் யோசிக்கும்போதெல்லாம் கை சும்மா இருக்காமல் இவரைப் போட்டிருக்கிறது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, காதில் பென்சில் செருகி, வராத ஓடத்துக்குச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எண்ணினேன், நாற்பத்தொரு இடத்தில். எல்லாம் பால்பாயிண்ட் பேனா.

வெள்ளைக்கல் சார், பலகையும் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஓடம் காணாமல் போய்விட்டது, ஆனால் துறையை மூடச் சொல்லி ஆணை வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பட்டை. சீட்டுக் கட்டு தீர்ந்தால் கதை தீர்ந்தது. கட்டில் நூறு.

நேற்று முதல் நாலு கட்டம் போட்டேன். ஸ்கேனர் இல்லை, போனில் எடுத்தால் மூலையில் என் கை நிழலே விழுகிறது. என்ன செய்வது?

#13 மைப்புட்டி

காலையில் பத்து மணிக்கு ஜன்னலோரம் தரையில் வையுங்கள், வெயில் நேராக விழக் கூடாது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிமிர்த்தி வைத்தால் நிழல் போய்விடும். போனைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள், ஓரம் வளையாது. பால்பாயிண்ட் கோடு வெளிறிப் போகும். அதற்கு மேல் கறுப்பு ஜெல் பேனா ஓட்டிவிடுங்கள்.

காதில் பென்சில் எந்தக் காதில்? நாலு கட்டத்திலும் ஒரே காதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#14 அரைக்கோடு

மூன்றாவது கட்டத்தில் மாறியிருக்கிறது.

#15 தூக்கம்வரல

மாற்றாதே தலைவா. காது மாறும் ரகசியத்தை ஐம்பதாவது சீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.